பீரோ திரும்ப வரும்... பத்திரம்?

2017, ஜனவரி 31. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், இரவு வெகுநேரமாகியும் ஒரு பொறியாளர் வேலையில் இருந்தார். அங்கே இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள். ஒன்று அசல், இன்னொன்று நகல். நகல் சரியாக ஓடவில்லை. அதிலிருப்பதை அழித்துவிட்டு, புதிதாக நகலெடுக்கலாம் என்று ஒரு கட்டளையைத் தட்டினார்.

தட்டியது அசல் சர்வரில்!

ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி தகவலில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் சரிவர கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தில் சேர்ந்தவற்றில் சுமார் 5,000 புராஜெக்ட்டுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் போனது போனதுதான்.

கையால் தட்டும் கட்டளையைச் சரிபார்க்க இன்னொரு ஜோடிக் கண் கிடையாது. கொத்தனாரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி வீடு கட்டுவதைப் போன்றது அது. பிளான் போட்டுக் கட்டினால், கடப்பாரையை எடுக்கும் முன்பே தப்பு தெரிந்துவிடும். கிளவுட் உலகில் அந்த பிளானுக்குப் பெயர் ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ் கோட்’. என்னென்ன வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டால், மென்பொருளே அதைப் படித்துக் கட்டித்தரும். அமேசானின் கிளவுட்ஃபார்மேஷன் 2011-லும், டெர்ராஃபார்ம் 2014-லும் வந்தன.

ஒரு புடவைக்கடையின் ஆப் என்று வைத்துக்கொள்ளலாம். ஆர்டர்கள் எல்லாம் அமேசானின் டைனமோடிபி-யில் ஒரு டேபிளாக இருக்கின்றன. ஆர்டர் நம்பர்தான் சாவி. அதைச் சொன்னால் விவரம் உடனே வந்துவிடும். வாடிக்கையாளரோ, “ஆர்டர் நம்பர் ஞாபகமில்லைங்க, போன் நம்பர்தான் தெரியும்” என்கிறார். இப்போது பத்து லட்சம் ஆர்டர்களையும் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். புரட்டிய ஒவ்வொன்றுக்கும் டைனமோடிபி கட்டணம் வேறு போடும். போன் நம்பருக்கென்று ஓர் இண்டெக்ஸ் இருந்தால், புத்தகத்தின் கடைசிப் பக்கத்துச் சொல்லடைவைப் பார்ப்பதுபோல நேரே போய் எடுத்துவிடலாம். டேபிளின் பெயர், சாவி, இண்டெக்ஸ் எல்லாமே கோப்பில் சில வரிகள்தான்.

அந்தச் சில வரிகளில்தான் ஆபத்தும் இருக்கிறது. இண்டெக்ஸ் இரண்டு வகை. ‘குளோபல்’ வகை, சுவரில் மாட்டும் ஷெல்ஃப் மாதிரி. எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம், கழற்றலாம். ‘லோக்கல்’ வகை, வீடு கட்டும்போதே போடவேண்டிய பரண். டேபிள் உருவாகும்போதே சொல்லிவிட வேண்டும். டேபிளின் சாவியும் அப்படித்தான், பிறகு மாற்ற முடியாது.

இது தெரியாமல் ஒரு புதியவர், கோப்பில் சாவியின் பெயரை மட்டும் மாற்றுகிறார் என்றால், டெர்ராஃபார்ம் என்ன செய்யும்? பழைய டேபிளை இடித்துவிட்டு, புது சாவியோடு புது டேபிள் கட்டும். பத்து லட்சம் ஆர்டர்கள் இருந்த இடத்தில் காலி டேபிள் நிற்கும்!

செய்வதற்கு முன் டெர்ராஃபார்ம் எச்சரிக்கத்தான் செய்கிறது. ‘பிளான்’ என்று கேட்டால், எதைச் சேர்க்கும், எதை மாற்றும், எதை அழித்துத் திரும்பக் கட்டும் என்று பட்டியல் போட்டுக் காட்டும். அதைப் படிக்காமலே ‘யெஸ்’ தட்டுகிறவரை யாரால் காப்பாற்ற முடியும்? அதனால்தான் அனுபவசாலிகள், அந்தப் பட்டியலை இரண்டு பேர் படித்த பிறகே அனுமதிக்கிறார்கள்.

‘இதை அழிக்காதே’ என்று கோப்பிலேயே ஒரு பூட்டும் போடலாம். ஆனால், டேபிளைப் பற்றிய பகுதியையே ஒருவர் நீக்கிவிட்டால், பூட்டும் கூடவே போய்விடும். ஆகவே, டைனமோடிபி 2023-ல் கொண்டுவந்த ‘டெலீஷன் புரொடெக்‌ஷன்’ என்ற தனிப் பூட்டையும் போட்டுவைப்பது நல்லது. அது கோப்பில் இல்லை, டேபிளிலேயே இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று பாக்கி. கோப்பு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், அது பீரோவைத்தான் திரும்பச் செய்து தரும். உள்ளேயிருந்த பத்திரத்தைத் தராது. அதற்கு பேக்கப் வேண்டும். கடந்த 35 நாள்களில் எந்த விநாடிக்கும் டேபிளைத் திருப்பிக் கொண்டுபோகும் வசதி டைனமோடிபி-யில் உண்டு. அதை ஆன் செய்யவும் கோப்பில் சில வரிகள் போதும். ஆன் செய்துவிட்டால் மட்டும் ஆயிற்றா? ஒருமுறையாவது திருப்பி எடுத்துப் பார்க்க வேண்டும். கிட்லேப்பிலும் பேக்கப்புகள் இருந்தன. அவை வேலை செய்யவில்லை என்பது, தேவைப்பட்ட அந்த ராத்திரியில்தான் தெரிந்தது.

போனில் ‘பேக்கப் ஆன்’ என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும், பேரனின் முதல் பிறந்தநாள் போட்டோவை இன்னொரு போனில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது!