கொதி வருமுன்னே வாயைக் காட்டுவோம்

பயிர் பட்டுப்போன பிறகு வயலை எட்டிப் பார்க்கும் விவசாயி நம்மில் ஒருவரும் இல்லை. விதைத்த கிழமையிலிருந்தே வரம்பில் நிற்கிறோம். ஓர் இலை சுருண்டாலும் குனிந்து பார்க்கிறோம். பல் விடயத்தில் மட்டும் நாம் வேறு ஆட்கள். இரண்டு இரவு நித்திரையில்லாமல் கராம்பைக் கடித்துக்கொண்டு கிடந்து, கன்னம் வீங்கிய பின்னரே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அந்நேரம் பல் வைத்தியருக்குச் செய்ய மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பிடுங்குவதுதான். போனவரும் அதையே கேட்கிறார்.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு நடந்தபோது எமது பைகளில் காணி உறுதி இருந்தது, அடையாள அட்டை இருந்தது, பிள்ளைக்குப் பால்மா இருந்தது. பற்தூரிகை யாருக்கு நினைவு வந்தது? 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்கள் பலருக்கு அந்தப் பையும் மிஞ்சவில்லை. முகாம்களில் மாவும் சீனியும் பருப்பும் கிடைத்தன. பசித்து அழுத பிள்ளையை இனிப்புத் தேநீராலும் பிஸ்கற்றாலும் சமாளித்த தாயை யார் குறை சொல்வது? ஆனால் பல்லில் படியும் சீனியைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேலோட்டைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. குழி ஆழமாகி நரம்பை நெருங்கும் வரை பெரிதாக வலி தெரிவதில்லை. ஆகவே 'வலியில்லை, நோயுமில்லை' என்ற எமது கணக்கு இங்கே பிழைத்துப் போகிறது. வலிக்குமுன் கண்ட குழியை அடைத்துப் பல்லைக் காப்பாற்றலாம்.

பிள்ளைகள் விடயத்தில் பெற்றோர் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 6 வயதில், பாற்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. இதுவும் விழுந்து முளைக்கும் என்று எண்ணி விட்டுவிடுகிறோம். அது சாகும் வரைக்கும் இருக்க வேண்டிய பல். பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இதைப் பார்ப்பார்கள் என்பது உண்மை. ஆனால் இடம்பெயர்ந்த பிள்ளை 3 பாடசாலை மாறியிருக்கும். முதற் பாடசாலையில் எழுதிய அட்டை அங்கேயே கிடக்கும். புதிய பாடசாலையில் பெற்றோர் தாமே போய்க் கேட்டாலன்றி அந்தப் பிள்ளை தவறிப்போகும்.

இன்னொன்று. வவுனியா, அநுராதபுரம் பக்கக் கிணறுகள் சிலவற்றில் புளோரைட் அளவுக்கு மிஞ்சி இருப்பதால் பிள்ளைகளின் பற்களில் வெள்ளை, மண்ணிறக் கறை விழுகிறது. செங்கற்தூளும் உமிக்கரியும் கொண்டு தேய்த்தால் கறை போகாது, பல்தான் தேயும்.

பல் துப்புரவு செய்வதைப் பற்றி ஊரில் பெரும் பயம் இருக்கிறது. 'காரையை எடுத்தால் பல் ஆடும்' என்கிறார்கள். (மேற்பல் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதும் இதே வகைப் பேச்சு, இரண்டுக்கும் தொடர்பில்லை.) தினமும் துலக்காத இடத்தில் படியும் அழுக்கு, உமிழ்நீரிலுள்ள உப்புக்களோடு இறுகிக் கல்லாகிறது. பிறகு தூரிகைக்கு அசையாது. அதையொட்டி முரசு வீங்கி இரத்தம் கசிகிறது. காலப்போக்கில் பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது. பல்லை ஆட வைப்பது இந்த நோய்தான். அதுவரை காரை முட்டுக்கொடுத்து நின்றபடியால், எடுத்தவுடன் ஆட்டம் தெரிகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு முரசு நோய் விரைவாக முற்றும். அந்நோய் சீனியின் அளவைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்கும். மாதாந்தக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் அதே ஆஸ்பத்திரியில் பல்லையும் காட்டிவிட்டு வரலாமே.

நாம் அதிகம் அஞ்சுவது சூத்தைப் பல்லுக்கு அல்ல, வெற்றிலை போடும் எமது முதியவர்களின் வாய்க்கு. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் நிற்கிறது. புகையிலை மட்டும்தான் கெடுதல், வெறும் பாக்கு குற்றமற்றது என்று பலர் நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, பாக்கையே புற்றுநோயை உண்டாக்கும் பொருளாகக் குறித்தது. புகையிலைச் செய்கையால் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் எம்மிடையே பல; இதை எழுத எமக்கும் இலேசாக இல்லை. கன்னத்தின் உட்புறத்தில் சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படை, சிவப்புத் திட்டு, 2 கிழமையில் ஆறாத புண், வாய் வரவரக் குறைவாகத் திறப்பது: இவற்றில் எதுவும் தொடக்கத்தில் வலிக்காமலிருக்கலாம். பல்லைப் பார்க்கும் வைத்தியரின் கண்ணில் அவை படும். நாம் வலிக்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

'ஆறு மாதத்துக்கு ஒருமுறை போ' என்ற பேச்சு கூலி வேலை செய்கிறவரை மலைக்க வைக்கிறது. எல்லோருக்கும் அது தேவையுமில்லை. பிரித்தானியாவில் 2004இல் வந்த வழிகாட்டல், பிள்ளைகளுக்கு ஆகக் கூடியது 12 மாத இடைவெளியையும், ஆபத்துக் குறைந்த வளர்ந்தோருக்கு 24 மாதம் வரையும் அனுமதித்தது. ஆபத்துக் கூடியவர்கள் 3 மாதத்திலேயே வரவேண்டியிருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். எமது செலவு பஸ் காசும் ஒருநாள் கூலியும். அது சிறிய செலவல்ல என்பதை அதிகாரிகளும் உணர வேண்டும். காலையில் இலக்கத்துண்டு முடிந்துவிட்டது என்று தூரக் கிராமத்தவரைத் திருப்பி அனுப்பினால் அவர் இரண்டாம் முறை வரமாட்டார். மீள்குடியேறிய கிராமங்களுக்கும் இன்னும் வீடு திரும்பாதவர்களின் குடியிருப்புகளுக்கும் நடமாடும் பற்சிகிச்சை வரவேண்டும். அதைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் கேட்பது எமது சங்கங்களின் வேலை.

காலபோக அறுவடை மாசி, பங்குனியோடு முடிகிறது. சிறுபோக வேலைக்கு முன் சில நாட்கள் கைக்கு வரும். அவற்றில் ஒன்றைக் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இப்போதே குறித்து, ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டி அறிவித்து, காசு சேர்த்து ஒரு வாகனம் பிடிக்கலாம். 'எனக்கென்ன, ஒன்றுமில்லை, பிள்ளையளைக் கொண்டு போங்கோ' என்று வெற்றிலைத் தட்டத்தோடு திண்ணையில் இருக்கும் அப்பு சொல்லுவார். அவரை முதலில் ஏற்றுங்கள்.