தொழிற்சாலைக்குச் சலுகை: நிலம் கொடுத்த ஊருக்கு என்ன மிஞ்சும்?

கிணறு வெட்டக் கடன் வாங்கும் விவசாயி முதலில் ஒரு கணக்குப் போடுகிறார். இப்போது மானாவாரியில் ஒரு போகம் விளைகிறது. தண்ணீர் கிடைத்தால் இரண்டு போகம் விளையும். அந்தக் கூடுதல் போகத்தின் வருமானத்தில் கடனை அடைத்து விடலாம் என்பது அவர் கணக்கு. கணக்கில் தவறில்லை. ஆனால் தண்ணீர் ஊறாவிட்டால் தவணை மட்டும் நாள் தவறாமல் வந்து நிற்கும். பழைய ஒரு போக வருமானத்திலிருந்துதான் அதைக் கட்ட வேண்டியிருக்கும்.

தனியார் தொழிற்சாலைகளைத் தம் எல்லைக்குள் வரவழைப்பதற்காக நகரசபைகளும் மாநில அரசுகளும் பொதுப்பணத்தைச் சலுகையாகக் கொடுப்பது இன்று உலகெங்கும் பரவியுள்ள வழக்கம் ஆகும். குறைந்த விலையில் நிலம், வரித் தள்ளுபடி, இலவசச் சாலை, தண்ணீர் என்று பல வடிவங்களில் இது கொடுக்கப்படுகிறது. இதுவும் கிணற்றுக் கடன் போன்றதே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கிணற்றுக் கடனில் நட்டம் வந்தால் கடன் வாங்கியவர் மட்டுமே தாங்குகிறார். இதில் ஊரே தாங்க வேண்டும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மவுண்ட் பிளசன்ட் என்னும் ஊர். அங்கு வந்தது, தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் தொழிற்சாலை நடத்தும் அதே பாக்ஸ்கான் நிறுவனம். ஆகவே அந்த ஊரில் நடந்ததை இங்குள்ள சிறு விவசாயிகளும் அறிந்து கொள்வது நலம்.

கோஸ் விளைந்த ஊர்

மவுண்ட் பிளசன்ட் சட்டப்படி ஒரு கிராமம். மக்கள் தொகை சுமார் 27,000. மிச்சிகன் ஏரியை ஒட்டிய ரசீன் மாவட்டத்தில் உள்ளது. மக்காச்சோளம், சோயா மொச்சை, முட்டைக்கோஸ் ஆகியவை விளையும் பூமி.

2017 ஜூலையில் பாக்ஸ்கான் நிறுவனம் விஸ்கான்சினில் 1,000 கோடி டாலர் முதலீட்டில் தொலைக்காட்சித் திரை செய்யும் தொழிற்சாலை கட்டப் போவதாக அறிவித்தது. 13,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். பதிலுக்கு மாநில அரசு சுமார் 300 கோடி டாலர் வரை சலுகை தர ஒப்புக்கொண்டது. தொழிலாளர் சம்பளத்தில் 17 சதவீதத்தையும், கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் செய்யும் செலவில் 15 சதவீதத்தையும் அரசு திருப்பிக் கொடுக்கும் என்பது ஏற்பாடு. பெயர் வரிச்சலுகை. ஆனால் அந்த மாநிலத்தில் உற்பத்தித் தொழிலுக்கு ஏற்கெனவே வரி மிகக் குறைவு. ஆகையால் பெரும்பகுதி கருவூலத்திலிருந்து ரொக்கமாகவே போக வேண்டியதாக இருந்தது.

சொன்ன 13,000 வேலைகளும் வந்தால்கூட, கொடுத்த பணம் மாநிலத்துக்குத் திரும்ப 2042-43ஆம் ஆண்டு வரை ஆகும் என்று சட்டமன்றத்தின் நிதி ஆய்வு அலுவலகம் அப்போதே கணக்கிட்டுச் சொன்னது. அதாவது 25 ஆண்டுகள். தென்னை வைப்பவர்கூட இவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

வராத வரியை ஈடு காட்டிக் கடன்

மாநிலம் ஒரு பக்கம் இருக்க, கிராம நிர்வாகமும் மாவட்ட நிர்வாகமும் தம் பங்குக்கு 76 கோடி டாலருக்கு மேல் செலவிட ஒப்புக்கொண்டன. நிலம் வாங்குவது, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், சாலை ஆகியவற்றுக்கு இந்தப் பணம். ஒரு சிறிய ஊருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வரும்?

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு முறை உண்டு. 1952இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இந்த முறைக்கு விஸ்கான்சினில் 1975இல் சட்டம் செய்யப்பட்டது. ஒரு பகுதியை எல்லை கட்டிப் பிரித்து, அங்குள்ள நிலம், கட்டடம் ஆகியவற்றின் இன்றைய மதிப்பைக் குறித்து வைக்கிறார்கள். இன்றைய மதிப்புக்கு உரிய வரி வழக்கம்போல் பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் ஊருக்கும் போகும். தொழிற்சாலை வந்து மதிப்பு உயர்ந்தால், அந்த உயர்வுக்கு உரிய வரியை மட்டும் தனியே ஒதுக்கிக் கடனை அடைப்பார்கள். கடன் தீரும் வரை அந்தக் கூடுதல் வரியில் பள்ளிக்கூடத்துக்குக்கூடப் பங்கு கிடையாது.

கூடுதல் போகத்தைக் காட்டிக் கடன் வாங்கும் கணக்கேதான் இது. தொழிற்சாலை வந்தால் எல்லாம் சரியாக நடக்கும். வராவிட்டால் கடன் ஊரார் தலையில் விழும்.

நல்ல நிலத்துக்குச் சீர்கெட்ட பகுதி என்று பெயர்

ஏறத்தாழ 3,000 ஏக்கர் தேவை என்று எல்லை குறிக்கப்பட்டது. பெரிய நில உடைமையாளர்களுக்கு ஏக்கருக்கு 50,000 டாலர் தர முன்வந்தார்கள். இது விளைநிலத்தின் சந்தை விலையைப் போல் பல மடங்கு. ஆனால் அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் வீடு கட்டி வாழ்ந்தவர்களுக்குச் சொன்னது சந்தை மதிப்பைப் போல் 1.4 மடங்கு. பெரியவருக்குப் பேரம் பேச இடம் இருந்தது. சிறியவருக்கு அந்த இடம் இல்லை. எந்த நாடானாலும் இந்த வழக்கம் மாறுவதில்லை போலும்.

விற்க மறுத்தவர்களிடம் நிலத்தை எப்படி எடுப்பது? 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகர வழக்கில், ஊர் வளர்ச்சிக்காகத் தனியார் திட்டத்துக்கும் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம். மக்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்ததால் பல மாநிலங்கள் இதற்குத் தடை போட்டன. சீர்கெட்டுப் போன இடமாக இருந்தாலொழியத் தனியாருக்குக் கொடுப்பதற்காக நிலத்தைக் கட்டாயமாக எடுக்கக் கூடாது என்று விஸ்கான்சினும் சட்டம் செய்தது.

ஆகவே 2018 ஜூனில் மவுண்ட் பிளசன்ட் நிர்வாகம் அந்த வயல்களையும் நல்ல வீடுகளையும் சேர்த்துச் சீர்கெட்ட பகுதி என்று தீர்மானம் போட்டது. சிலர் நீதிமன்றம் சென்றனர். பெரும்பாலோர் விற்றுவிட்டு வெளியேறினர். வீடுகள் இடிக்கப்பட்டு, வயல்கள் மேடாக்கப்பட்டன. மிச்சிகன் ஏரியிலிருந்து நாளொன்றுக்கு 70 லட்சம் காலன், அதாவது சுமார் 2 கோடியே 65 லட்சம் லிட்டர் தண்ணீர் எடுக்கவும் அனுமதி கொடுக்கப்பட்டது.

வந்தது என்ன?

2018 ஜூன் மாதம் அமெரிக்க ஜனாதிபதியே வந்து பூமி பூஜைக்கு ஒப்பான விழாவை நடத்தினார். அடுத்த ஜனவரியிலேயே, அமெரிக்காவில் தொலைக்காட்சித் திரை செய்வது கட்டுப்படியாகாது என்று நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டார். திட்டம் சுருங்கிக்கொண்டே போயிற்று. 2021 ஏப்ரலில் ஒப்பந்தம் மாற்றி எழுதப்பட்டது. 13,000 வேலை 1,454 ஆயிற்று. 1,000 கோடி டாலர் முதலீடு சுமார் 67 கோடி ஆயிற்று. மாநிலச் சலுகையும் 300 கோடியிலிருந்து 8 கோடிக்கு இறங்கியது.

இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இவ்வளவு பெரிய ஏமாற்றத்திலும் மாநில அரசு அந்தச் சலுகைப் பணத்தில் பெரிதாக இழக்கவில்லை. வேலை கொடுத்ததைக் கணக்குக் காட்டிய பிறகே பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததே காரணம். 2018இல் குறைந்தது 260 பேர் வேலையில் இருக்க வேண்டும். இருந்தவர்கள் 178 பேர். பணம் கிடையாது. 2019இல் 520 பேர் வேண்டும். தகுதி உள்ளவர்கள் 281 பேர் என்று அரசு கணக்கெடுத்தது. அந்த ஆண்டுக்கும் பணம் மறுக்கப்பட்டது.

ஊர் நிர்வாகத்தின் நிலை வேறு. அது நிலத்தையும் குழாயையும் சாலையையும் முன்கூட்டியே செய்து கொடுத்துவிட்டது. அந்த ஊரைக் காப்பாற்றியது ஒப்பந்தத்தில் இருந்த ஒரே ஒரு வாசகம். கட்டடம் எழுந்தாலும் எழாவிட்டாலும், 2023 முதல் 140 கோடி டாலர் மதிப்புக்குக் குறையாமல் சொத்து வரி செலுத்துவதாக நிறுவனம் உறுதி எழுதிக் கொடுத்திருந்தது. பிறகு 2023இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அந்த நிலத்தில் ஒரு பகுதியை வாங்கிக் கணிப்பொறித் தகவல் மையம் கட்டத் தொடங்கியது. ஊர் கடனில் மூழ்கவில்லை. ஆனால் இத்தகைய மையத்தில் இயந்திரங்கள் அதிகம், நிரந்தர ஆட்கள் குறைவு. 13,000 பேருக்கு வேலை என்று சொல்லி எடுத்த நிலம் அது.

மாநிலம் பணத்தைக் காத்துக்கொண்டது, ஊர் வரியைக் காத்துக்கொண்டது. நிலத்தையும் வீட்டையும் விட்டுப் போனவர்களுக்கு மட்டும் திரும்ப வழி எதுவும் எழுதப்படவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் அனுபவம்

இதைக் கொண்டு தொழிற்சாலையே வேண்டாம் என்று முடிவு கட்டுவது சரியல்ல. இரண்டு ஏக்கர் நிலத்தை நான்கு பிள்ளைகள் பங்கு போட்டால் ஒருவருக்கும் கட்டுப்படியாகாது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். விஸ்கான்சினில் சொன்னதைச் செய்யாத அதே பாக்ஸ்கான், ஸ்ரீபெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் பல்லாயிரம் பேருக்கு, பெரும்பாலும் இளம் பெண்களுக்கு, வேலை கொடுத்து வருகிறது. அவர்கள் தங்குவதற்காக வல்லம் வடகாலில் 18,720 பேருக்கான விடுதியைச் சிப்காட் நிறுவனம் கட்டி, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

ஆனால் இதே வட்டாரம் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறது. வரியைத் திருப்பித் தருவது உள்ளிட்ட சலுகைகளுடன் 2005இல் ஒப்பந்தம் செய்து, 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். வேறொரு நிறுவனம் அந்தத் தொழிற்சாலையை வாங்க 2019இல்தான் ஒப்பந்தம் ஆயிற்று. ஆகவே ஒரு நிறுவனம் நல்லதா கெட்டதா என்று கேட்டுப் பயனில்லை. நிலைமை மாறினால் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா என்பதே கேள்வி.

சலுகைக்கு மூன்று நிபந்தனைகள்

முதலாவது, பலன் வந்த பிறகே பணம். எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டு, என்ன சம்பளத்தில் வேலை என்பதை ஆண்டுதோறும் சரிபார்த்த பின்பே சலுகை தரப்பட வேண்டும். பயிர்க் கடனுக்கு அடங்கல் கேட்கும் அரசு, கோடிக்கணக்கான சலுகைக்குக் கணக்குக் கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது, உள்ளாட்சி மன்றத்துக்கு எழுத்தில் உறுதி. சாலை தேய்வதும், தண்ணீர் குறைவதும், குப்பை சேர்வதும் ஊராட்சியில்தான். குறைந்தபட்சம் இவ்வளவு வரி ஊராட்சிக்கு வந்து சேரும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பயன்படாத நிலம் திரும்ப வேண்டும். 2013ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டத்தின் 101ஆம் பிரிவு, ஐந்து ஆண்டுகள் சும்மா கிடக்கும் நிலத்தைப் பழைய உடைமையாளரிடமோ அரசின் நில வங்கியிடமோ சேர்க்கச் சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி. மத்தியச் சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு விதிகள் மட்டுமே இதற்குப் பொருந்தும். சமூகத் தாக்க ஆய்வு, உடைமையாளர் சம்மதம் ஆகியவை பொருந்தா. இந்த ஏற்பாட்டை 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. எனவே நிலம் திரும்பும் என்ற வாசகத்தை ஒவ்வொரு ஒதுக்கீட்டு ஆணையிலும் தனியே எழுதினால்தான் பாதுகாப்பு.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

அரசின் பொறுப்பு ஒரு புறம் இருக்க, விவசாயிகள் செய்து வைக்க வேண்டிய சில காரியங்களும் உண்டு.

முத்திரைச் செலவை மிச்சப்படுத்தப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. நிலம் எடுக்கப்படும்போது, அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களின் விலையையும் பார்த்தே சந்தை மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். ஒருவர் எழுதும் குறைந்த விலை ஊர் முழுவதற்கும் இழப்பீட்டைக் குறைத்துவிடும்.

கிணறு, மரம், நிற்கும் பயிர் ஆகியவற்றுக்கும் இழப்பீடு உண்டு. இவை அடங்கலில் உள்ளபடி பதிவாகியிருக்கின்றனவா என்று ஆண்டுதோறும் கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபார்த்துக் கொள்ள வேண்டும். இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே பட்டா இருந்தால் வாரிசுகள் பெயருக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். குத்தகைக்கு உழுபவர்கள் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்து கொண்டால், இழப்பீட்டு வேளையில் தம் பங்கைக் கேட்க ஆதாரம் இருக்கும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கூடும் கிராம சபையை வெறும் கையெழுத்துச் சடங்காக விட்டுவிடக் கூடாது. ஊருக்குத் திட்டம் வருகிறது என்றால் அங்கே நான்கு கேள்விகளைக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். ஊராட்சிக்கு ஆண்டுக்கு எவ்வளவு வரி வரும்? தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள், எவ்வளவு? உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை, எந்தப் படிப்புக்கு? சொன்னது நடக்காவிட்டால் நிலம் யாருக்கு?

இந்த நான்காவது கேள்வியை மவுண்ட் பிளசன்டில் உரிய காலத்தில் எழுதி வைக்கவில்லை. பத்திரம் முடிந்த பின் அதைக் கேட்டுப் பயனில்லை. நிலத்தில் அளவுக் கல் நடுவதற்கு முன்பே அதற்கு எழுத்தில் பதில் வாங்கிக் கொள்ள வேண்டும்.