விழுது விடும் வீடுகள்

உயிரியலிலிருந்து கட்டடக்கலை கற்க வேண்டும் என்றதும், சங்கு வடிவக் கூரையும் தாமரை வடிவ மண்டபமுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாம் கற்க வேண்டியது உயிரின் உருவத்தை அன்று. அது உருவாகும் முறையை.

கரு எந்தக் கட்டத்திலும் அரைகுறையாகக் கிடப்பதில்லை. உயிரோடிருந்துகொண்டே அடுத்த உறுப்பை வகுத்துக்கொள்கிறது. ஓர் உயிரணு என்னவாக வேண்டும் என்பதில் அதன் அண்டை அணுக்களுக்கும் பங்குண்டு. எலும்பும் தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் விளக்கினார். நம் ஆலமரமும் அப்படித்தான்: கிளை நீண்ட பிறகே விழுது தூணாகிறது.

காரைக்கால்வாசிகளான நமக்கு இது வெறும் ஏட்டுச் சிந்தனையாக இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கடற்கரை நெடுக எழுந்த மறுவாழ்வுக் குடியிருப்புகளில் பல, ஒரே அச்சில் வார்த்த கான்கிரீட் வீடுகள். வலை பின்ன நிழல், பேசியிருக்கத் திண்ணை, மகனுக்குத் திருமணமானால் மேலும் ஓர் அறை ஆகிய தேவைகளுக்கு அத்தகைய வரைபடங்களில் இடமில்லை. குடியேறியவர்கள் கீற்றாலும் தகரத்தாலும் சாய்ப்பு இறக்கிக்கொள்ளும்போது அதை அழகுக்கேடு என்கிறோம். உண்மையில் அதுதான் அவ்வீடு விட்ட முதல் விழுது.

அவசரக் காலத்தில் விரைவுதானே முக்கியம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மேலும், அடித்தளம் தாங்காத சுவரின்மேல் மாடி எழுப்புவது ஆபத்து. ஆனால் வளர்ச்சி என்பது கட்டுப்பாடின்மை அன்று. கருவுக்கும் மரபணு உண்டு. இந்தூர் நகரில் 1980களில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பு இதற்குச் சான்று. சுமார் 6,500 மனைகள் கொண்ட அத்திட்டத்தில், வறியவர்களுக்கு அடித்தளமும் கழிவறை முதலிய அடிப்படை வசதிகளும் கொண்ட கருவீடு தரப்பட்டது. மீதியை அவர்களே தம் வரவுக்கேற்ப வளர்த்துக்கொள்ளலாம். 1995-இல் அதற்கு ஆகா கான் விருது கிடைத்தது.

2018-இல் கஜா புயல் டெல்டாவைச் சிதைத்தது. கடல் இன்னும் வரும். அடுத்த முறை வீடு வழங்குவோரிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று: மேல்தளம் தாங்கும் அடித்தளம், பக்கவாட்டில் வெற்றிடம், வரைபடம் போடுமுன் அங்கே வாழப்போகிறவர்களின் சொல். சாய்ப்பு எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.