ஐசேயாவைச் சாகடிக்காத ஒரு படம் வேண்டும்

பழைய கௌபாய் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், சினிமா ரசிகமணிகள் 'சிமரான்' (1931) படத்தின் நில ஓட்டக் காட்சியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறார்கள். 1889 ஏப்ரல் 22. ஓக்லஹோமாவில் ஆயிரக்கணக்கானோர் குதிரையிலும் வண்டியிலும் பாய்ந்தோடி நிலம் பிடிக்கிறார்கள். பேசும்படம் வந்த புதிதில் இப்படி எடுத்தது சாதனைதான். சிறந்த படத்துக்கான ஆஸ்காரும் வாங்கியது. இருக்கட்டும். அதில் ஐசேயா என்று ஒரு கறுப்பினச் சிறுவன் வருகிறானே, அவனைப் பற்றி ஏன்யா வாயைத் திறப்பதில்லை?

வெள்ளைக் குடும்பம் விருந்து சாப்பிட, அவன் மேலே தொங்கியபடி விசிறுகிறான். கீழே விழுகிறான், நாம் சிரிக்க வேண்டுமாம். எஜமானர்களோடு புது ஊருக்கு வந்து, தெருச்சண்டையில் குண்டடிபட்டுச் சாகிறான். கதை அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது.

'அந்தக் காலம் அப்படி' என்பார்கள். பச்சைப்பொய். அதே ஓக்லஹோமாவில் 1890இல் லாங்ஸ்டன், 1903இல் போலி என்று கறுப்பின மக்கள் தங்களுக்கான ஊர்களைத் தாங்களே கட்டினார்கள். அப்படி 50க்கும் மேற்பட்ட ஊர்கள். 1907இல் மாநிலமானதும் சட்டமன்றம் போட்ட முதல் சட்டமே, ரயிலில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி. 1921இல் டல்சாவின் கிரீன்வுட் குடியிருப்பை வெள்ளைக் கும்பல் கொளுத்தியது. படத்தின் கதை 1889இலிருந்து 1930 வரை ஓடுகிறது. இதில் ஒன்றுகூட அதன் கண்ணில் படவில்லை! செவ்விந்தியர்களின் உரிமைக்காக முழங்கும் நாயகன் யான்சி, அவர்களிடமிருந்து பறித்த மண்ணைப் பிடிக்கத்தான் குதிரையில் பறக்கிறான். இது யாருடைய வரலாறு?

1960இல் ஆண்டனி மான் இதைக் கலரில் திரும்ப எடுத்தார். அதிலும் நாயகன் அதே யான்சிதான். இன்றைக்கு எடுப்பவர்கள் சங்கடம் எதற்கு என்று ஐசேயாவையே தூக்கிவிடக்கூடும். கேலி செய்தவனை இல்லாமலே ஆக்குவது பரிகாரமா? இன்னொரு கொலை அது.

அவனைச் சாகடிக்காமல் எடுங்கள். 1889இல் அவனுக்குப் பன்னிரண்டு வயசென்றால், 1921இல் 44. விசிறியைப் போட்டுவிட்டு லாங்ஸ்டனுக்குப் போகட்டும். உழட்டும், வாக்குக் கேட்கட்டும், தனிப்பெட்டியில் ஏற மறுக்கட்டும். கிரீன்வுட் எரியும்போது அங்கே நிற்கட்டும். கேமரா அவன் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும்.

'இது அமெரிக்கக்காரன் பாடு, உனக்கென்ன?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று: 1972இல் மராட்டியத்து தலித் இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத் தங்களைச் சிறுத்தைகள் என்று அழைத்துக்கொண்டார்களே, அன்றிலிருந்தே இது நம்ம வழக்கும்தான்.