‘இதே புடவைதானே போன கல்யாணத்துக்கும்?’ - வேட்டிக்கு வராத கேள்வி புடவைக்கு மட்டும் ஏன்?

வெள்ளிக்கிழமை இரவு 10 மணி. மறுநாள் காலை 6 மணிக்கு முகூர்த்தம். அலுவலகத் தோழியின் கல்யாணம். பீரோ திறந்திருக்கிறது, கட்டில் மேல் ஐந்து புடவைகள் கிடக்கின்றன. ஆனால், அந்தப் பெண்ணின் கண் புடவைகளில் இல்லை, செல்போனில் இருக்கிறது. தன்னுடைய பழைய இன்ஸ்டாகிராம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். நீலப் பட்டு? அது போன தை மாதமே ஸ்டேட்டஸில் வந்தாச்சு. பச்சை? அதே ஆபீஸ் ஆட்கள் ஏற்கெனவே பார்த்தாச்சு. அதே வீட்டில் இருக்கும் அண்ணனோ, வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டிவிட்டுத் தூங்கப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது.

இந்தக் காட்சி பல வீடுகளில் நடப்பதுதான். சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால், இதற்குப் பின்னால் பணமும் இருக்கிறது, கூச்சமும் இருக்கிறது. ‘கட்டிட்டுப் போக ஒண்ணுமில்ல’ என்பதற்காகவே, ‘உடம்பு சரியில்ல’ என்று மெசேஜ் அனுப்பிவிட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடுபவர்களும் உண்டு. வாழ்த்த வரவேண்டிய ஒருவரை ஒரு புடவை தடுத்து நிறுத்துகிறது என்றால், எங்கேயோ கணக்கு தப்பாகிவிட்டது என்று அர்த்தம்.

நெருக்கடி எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம் காலண்டர். பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. பலர் புரட்டாசியையும் தவிர்க்கிறார்கள். ஆகவே ஆவணி, ஐப்பசி, தை என்று முகூர்த்த மாதம் பிறந்ததும் பத்திரிகைகள் மொத்தமாக வந்து குவிகின்றன. ஒரே மாதத்தில் நான்கு கல்யாணம் என்பது 25 முதல் 35 வயதில் இருப்பவர்களுக்குச் சாதாரணம். கூடப் படித்தவர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், அத்தை பிள்ளை, சித்தப்பா பெண் என எல்லோருக்கும் அந்த வயதில்தான் கல்யாணம் நடக்கிறது.

இரண்டாவது காரணம் கேமரா. முன்பும் ஒரே புடவையைத் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். அது யாருடைய நினைவிலும் நிற்கவில்லை. கல்யாண ஆல்பம் அந்த வீட்டு பீரோவில் இருந்தது. இன்று ஆல்பம் எல்லோர் கையிலும் இருக்கிறது. எந்தப் புடவை எந்தத் தேதியில் எந்த மண்டபத்தில் என்று செல்போன் கணக்கு வைத்திருக்கிறது. ‘ரிப்பீட்’ என்ற சொல்லே இந்தப் பழக்கத்தோடு வந்ததுதான்.

வேட்டிக்கு மட்டும் விலக்கு

ஆண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பத்து கல்யாணத்துக்கும் அதுவே. ஒட்டு வேட்டி வந்த பிறகு அவிழ்ந்துவிடுமோ என்ற பயமும் போய்விட்டது. ‘என்னப்பா, போன மாசமும் இதே வேட்டிதானே?’ என்று எந்தப் பெரியப்பாவும் கேட்டதில்லை.

வேட்டிக்குத் தமிழ்நாட்டில் சட்டப் பாதுகாப்பே இருக்கிறது. 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னை கிளப் ஒன்று உள்ளே விடவில்லை. அது பெரும் விவாதமானது. அதே ஆண்டு, கிளப் போன்ற இடங்களில் வேட்டி கட்டியவருக்கு அனுமதி மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தைச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. தன் உடையில் வந்தவரை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்தக் கூடாது என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம்.

புடவையைப் பொறுத்தவரை வாசலில் யாரும் தடுப்பதில்லை, உண்மைதான். ஆனால், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏன்டி, இது போன தையில கட்டினதுதானே?” என்று கேட்கும் ஒரு குரல் போதும். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னால் கடைக்குப் போகவைத்துவிடும்.

தீம் அவர்களுடையது, பில் யாருக்கு?

ஹல்திக்கு மஞ்சள், மெஹந்திக்குப் பச்சை, சங்கீத்துக்கு மினுமினுப்பு, ரிசப்ஷனுக்கு ‘பேஸ்டல்’. வட இந்தியக் கல்யாணங்களின் சடங்குகள் இங்கே வந்து சேர்ந்தபோது, ஒவ்வொன்றும் ஓர் உடையைக் கூடவே கூட்டிவந்தது. வாட்ஸ்அப் பத்திரிகையின் கடைசி வரியில் இன்று ‘டிரெஸ் கோடு’ இருக்கிறது.

தமிழ்க் கல்யாணத்தில் விருந்தினரின் உடையைக் கல்யாண வீடு தீர்மானிப்பது புதிதல்ல. அத்தைக்கு இந்தப் புடவை, சித்திக்கு இது, மாமாவுக்கு வேட்டி சட்டை என்று கல்யாண வீட்டில்தான் ஜவுளி எடுத்தார்கள். எடுத்துக் கொடுத்தவர்கள், ‘இதைத்தான் கட்டணும்’ என்று சொன்னார்கள். சொல்லும் உரிமையும் செலவும் ஒரே வீட்டில் இருந்தன. இன்று உரிமை கல்யாண வீட்டிடமும் செலவு விருந்தினரிடமும் இருக்கிறது. கூடவே மொய் எழுத வேண்டும், பயணச் செலவு வேறு.

நெருங்கிய தோழிகள் ஆறு பேர் பேசிவைத்து ஒரே நிறத்தில் கட்டினால் அது அவர்கள் சந்தோஷம். முந்நூறு பேருக்கு நிறம் நிர்ணயிப்பது வேறு. ‘உங்களிடம் இருப்பதில் மஞ்சள் சாயலாக ஏதாவது இருந்தால் கட்டி வாருங்கள், இல்லாவிட்டாலும் வாருங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியைப் படித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புபவர்கள் எத்தனை பேர் என்பது கல்யாண வீட்டுக்குத் தெரியவே தெரியாது.

கறுப்பு கூடாதா, வெள்ளை கூடாதா?

இணையத்தில் சுற்றும் பட்டியல்களின் முதல் விதி: ‘விருந்தினர் வெள்ளை உடுத்தக் கூடாது.’ இது மேற்கத்தியக் கல்யாணங்களின் விதி. 1840-ல் இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி வெள்ளை உடையில் மணமுடித்த பிறகு, வெள்ளை மெல்ல மெல்ல அங்கே மணப்பெண்ணின் நிறமானது. மணப்பெண்ணின் நிறத்தை மற்றவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள்.

இங்கே பல இந்துக் குடும்பங்களில் வெறும் வெள்ளைப் புடவையைத் தவிர்ப்பதற்குக் காரணமே வேறு. கணவனை இழந்த பெண்கள்மீது சுமத்தப்பட்ட நிறம் அது. அதே வெள்ளை, எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் கசவு வைத்த பண்டிகை உடையாகிவிடுகிறது. கறுப்பும் அப்படித்தான். ஒரு மண்டபத்தில் கறுப்புப் புடவையைப் பார்த்துப் பாட்டி முகம் சுளிப்பார். இன்னொரு மண்டபத்தில் நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தில், முன்வரிசை முழுக்கக் கறுப்புச் சட்டைகளாக இருக்கும். சடங்குகள் இல்லாத அந்தத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தந்தது 1967-ல் தமிழ்நாட்டில் நிறைவேறிய சட்டத் திருத்தம்.

ஆக, ராசியான நிறம், ராசியில்லாத நிறம் என்று எல்லா மண்டபத்துக்கும் பொதுவாக ஒன்று கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி, ‘இது யார் வீட்டுக் கல்யாணம்?’ என்பதுதான்.

தேவாலயத்தில் நடக்கும் கல்யாணம் என்றால், மணப்பெண் பெரும்பாலும் வெள்ளை அல்லது சந்தன நிறப் புடவையில் இருப்பார். அங்கே அந்த நிறத்தை விட்டுக்கொடுப்பது மரியாதை. சில சபைகளில் பெண்கள் தலையில் முக்காடு இடுவார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகை அணியும் வழக்கம் இல்லை. அங்கே கழுத்து நிறைய நகையோடு போனால் போனவருக்கே சங்கடம். நிக்காஹ்வுக்குப் போகிறீர்கள் என்றால் கை மூடிய உடை, தலையில் போட்டுக்கொள்ள ஒரு துப்பட்டா அல்லது முந்தானை இருந்தால் நல்லது. ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காரும் ஏற்பாடு இருக்கலாம். சந்தேகம் இருந்தால் மணமக்களிடமே ஒரு மெசேஜில் கேட்டுவிடலாம். கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அக்கறை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

கூறைப்புடவை மாதிரியே அரக்கு நிறப் பட்டில் போனால் தப்பா? அப்படிப் பார்த்தால் பாதி அத்தைமார்கள் மண்டபத்துக்கே வர முடியாது. மாலையும் கழுத்துமாக மணமேடையில் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு, நாலாவது வரிசையில் இருப்பவரை யாரும் மணப்பெண் என்று நினைத்துவிட மாட்டார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 3,000 ரூபாயில் ஒரு ‘சாஃப்ட் சில்க்’ புடவை. பிளவுஸ் தையல், ஃபால்ஸ், குஞ்சம் எல்லாம் சேர்த்து இன்னொரு 1,500. மொத்தம் 4,500. ஒரே ஒரு தடவை கட்டினால், அந்த ஒரு காலைப் பொழுதின் விலை 4,500 ரூபாய். பிளவுஸில் ஆரி ஒர்க் செய்தால் புடவையை விட பிளவுஸ் விலை கூடிவிடுவதும் உண்டு. நான்கு கல்யாணத்துக்கு நான்கு புடவை என்றால் 18,000.

இப்போது அதே 18,000 ரூபாய்க்கு, பிளவுஸோடு சேர்த்து ஒரு நல்ல கைத்தறிப் பட்டு எடுத்து, பத்து ஆண்டுகளில் 20 தடவை கட்டினால்? ஒரு தடவைக்கு 900 ரூபாய். அதற்குப் பிறகும் புடவை இருக்கும்.

காஞ்சிபுரம் பட்டு எதற்காக அப்படி நெய்யப்பட்டது என்று யோசித்தால் இது புரியும். கோர்வை முறையில் கரையையும் உடலையும் தனித்தனி ஊடை நூலில் நெய்து இணைக்கிறார்கள். ஒரு புடவை தறியிலிருந்து இறங்கப் பல நாட்கள் ஆகும். வேலைப்பாடு கூடினால் வாரங்கள். அம்மா கட்டி, மகள் கட்டி, சரிகைக்காகப் பழைய பட்டுப்புடவை வாங்குபவரிடம் கடைசியில் போகும்வரை அதற்கு ஆயுள் உண்டு. திரும்பத் திரும்பக் கட்டுவதற்காகவே செய்யப்பட்ட பொருளை, ‘ரிப்பீட்’ என்று சொல்லி ஒதுக்குவது வேடிக்கை.

நெசவாளர் என்ன செய்வார்?

‘எல்லோரும் வாங்குவதை நிறுத்திவிட்டால் நெசவாளர் வயிற்றில் அடிப்பதாகாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், ஒரு கல்யாணத்துக்கு ஒன்று என்று அவசரத்தில் வாங்கப்படும் மலிவான புடவைகளில் பெரும்பாலானவை கைத்தறியும் அல்ல, பட்டும் அல்ல. பாலியஸ்டரோ விஸ்கோஸோ கலந்து விசைத்தறியில் ஓட்டியவை. அந்தப் பணம் காஞ்சிபுரத்துக்கோ ஆரணிக்கோ போவதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒன்று வாங்கினாலும், புவிசார் குறியீடு பெற்ற கைத்தறிப் புடவையாக, 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவு விற்பனை நிலையத்தில் வாங்கினால், நெசவாளருக்கு அதுதான் உதவி.

பட்டுதான் வேண்டும் என்பதும் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில், ஏசி இல்லாத மண்டபத்தில், ஹோமப் புகைக்குப் பக்கத்தில் உட்கார மதுரைச் சுங்குடியும் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கியும் பட்டை விடச் சுகம். இரண்டும் பருத்தி. விளக்கு, ஹோமம் என்று நெருப்பு இருக்கும் இடத்தில், உருகி உடம்பில் ஒட்டும் செயற்கை நூலை விடப் பருத்தி பாதுகாப்பானதும்கூட.

அப்படியென்றால் என்ன உடுத்துவது?

* முதலில் நேரம்: முந்தைய நாள் மாலை ரிசப்ஷனா, காலை முகூர்த்தமா? இரண்டுக்கும் போகிறீர்கள் என்றால் ஒன்றுக்குப் பட்டு, இன்னொன்றுக்குப் பருத்தியோ சுடிதாரோ போதும்.
* இலையில் உட்கார்ந்து பாருங்கள்: பந்தியில் சாம்பார் ஊற்றும்போது தொங்கும் கை, தரையில் இழுபடும் துப்பட்டா இரண்டும் வம்பு. மணமேடைக்குக் கீழே செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றச் சிரமமானதைத் தவிர்க்கலாம்.
* பிளவுஸை மாற்றுங்கள்: ஒரே புடவைக்கு இரண்டு பிளவுஸ் இருந்தால் புடவையே வேறு மாதிரித் தெரியும். புதுப் புடவையை விட இது மலிவு.
* மாற்றிக் கட்டுங்கள்: அக்கா, தங்கை, அறைத் தோழி என்று புடவையைக் கைமாற்றிக்கொள்வது புதிய பழக்கமில்லை. அம்மாவின் பீரோவையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.
* பத்திரப்படுத்துங்கள்: பட்டைக் கட்டிய பிறகு நிழலில் காற்றாட விட்டு, பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் மடிப்பில் கிழியாது.

புதிதாக வாங்குவதோ, அலங்கரித்துக்கொள்வதோ தப்பில்லை. கல்யாணம் என்றால் அந்தச் சந்தோஷமும் சேர்ந்ததுதான். விருப்பத்தில் வாங்குவதற்கும் பயத்தில் வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் கல்விக் கடனும் போக மிஞ்சுவதை, ஒரு போட்டோவில் வேறு நிறம் தெரிவதற்காகச் செலவழிக்க வைப்பது அந்தப் பயம்தான்.

அந்தப் பயத்தைப் போக்க வேண்டிய முதல் ஆள், பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பவர். வேட்டியிடம் கேட்காததைப் புடவையிடமும் கேட்க வேண்டாம். அதையும் மீறி யாராவது, “இது போன கல்யாணத்துக்குக் கட்டினதுதானே?” என்று கேட்டால், சிரித்துக்கொண்டே சொல்லலாம்: “ஆமா அத்தை, அதேதான். நல்லா இருக்குல்ல?”