ஒரு நாளைக்கு எத்தனை ஏடு?

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தமிழ் இளைஞர்கள் பலர் இன்று செய்துவரும் ஒரு தொழிலைப் பற்றி, தோட்டத்தில் இருக்கும் நமக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலை உண்டு. ‘மெடிக்கல் கோடிங்’ என்னும் அத்தொழிலில் எழுந்திருக்கும் வழக்கு, நிரைக்கு எத்தனை மரம் என்று நாம் காலமெல்லாம் பேசிவந்த அதே வழக்குதான்.

அமெரிக்க ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிவைத்த நோயாளியின் ஏட்டை இவர்கள் வாசித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியெண்களை எடுத்துப் பதிய வேண்டும். அந்த எண்களைப் பார்த்தே இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கிறது. எண் தவறினால் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பணம் நின்றுபோகும். உள்ளதற்கு மேல் போட்டுவிட்டால் மோசடி என்று வழக்கே வரலாம். உட்கார்ந்து எழுதுகிற வேலைதானே என்பார்கள். கிராணிமாராகிய நமக்கு அந்தப் பேச்சு புதிதல்ல.

மணிக்கு இத்தனை ஏடு என்று நிர்வாகம் ஓர் அளவு வைக்கிறது. அளவே கூடாதென்று நாம் வாதாடவில்லை. அதை எதிலிருந்து எடுத்தார்கள் என்றுதான் கேட்கிறோம். சாதாரண எக்ஸ்ரே அறிக்கை ஒன்றுக்குச் சில நிமிஷம் போதும். இரண்டு வாரம் படுத்துக் கிடந்து ஆபரேஷனும் ஆனவரின் ஏடு ஒரு மணி நேரத்தையும் விழுங்கும். நீரிழிவு என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடுகிறோம். அங்கே சிக்கல் இல்லாத நீரிழிவுக்கு ஓர் எண், சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தால் வேறோர் எண், சிறுநீரக நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு அதோடு இன்னோர் எண். டாக்டர் தெளிவாக எழுதாமல் விட்டிருந்தால் அவரைக் கேட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது?

2015 அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்கா பழைய பட்டியலை விட்டு ‘ஐ.சி.டி.-10’ என்னும் புதிய பட்டியலுக்கு மாறியது. நோய்க் குறியெண்கள் மட்டும் ஏறக்குறைய 14,000 இருந்தது ஏறக்குறைய 70,000 ஆயிற்று. ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய எண்கள் வருகின்றன, பழையவை சில போகின்றன. இவற்றைப் படிக்கிற நாட்களிலும் பழைய அளவையே கேட்டால் அது நியாயமா?

இதற்கு மேல், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாக இருக்க வேண்டும் என்பது அத்தொழிலில் பரவலாக உள்ள விதி. நல்ல விதிதான். ஆனால் அவசரமாக இழுத்த உளி மரத்தைக் காயப்படுத்தும் என்பது பால்வெட்டுக்காரருக்குத் தெரியும். காயத்துக்கும் திட்டு, விட்டுப்போன மரத்துக்கும் திட்டு என்றால் வெட்டுகிறவர் எந்தப் பக்கம் போவார்?

இப்போது இன்னொரு வாதம் கிளம்பியிருக்கிறது. கம்ப்யூட்டரே எண்ணை எடுத்துக் கொடுக்கிறதாம், ஆகவே அளவைக் கூட்டலாமாம். இதில்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்வது எக்ஸ்ரே போன்ற எளிய ஏடுகளை. மிஞ்சுவது சிக்கலானவை. சமநிலத்து இளமரத்தையெல்லாம் காண்டிராக்டுக்குக் கொடுத்துவிட்டு, மேட்டு நிரையில் கிழட்டு மரங்களை ஏணி வைத்து வெட்டச் சொல்லி, பழைய எண்ணிக்கையோடு நூறு மரம் கூடப் போடு என்றால் நம்மில் யார் ஒப்புக்கொள்வார்? இயந்திரம் கொடுத்த எண் தவறென்றால் பொறுப்பு இயந்திரத்தின் தலையில் விழப்போவதும் இல்லை. சரிபார்த்தவரின் பெயரில்தான் விழும்.

கைவேகத்தில் முதல் ஆளைப் பார்த்து அளவு வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஏடுகளை வகைவகையாகப் பிரித்து, நடுத்தரத் தேர்ச்சியுள்ளவர்கள் சரியாக முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று சில வாரம் எழுதிப் பார்க்கட்டும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு அளவு படிப்படியாக ஏறட்டும். டாக்டரின் பதிலுக்குக் காத்திருந்த நேரமும், கம்ப்யூட்டர் நின்றுபோன நேரமும், பயிற்சி நாளும் கணக்கிலிருந்து கழியட்டும். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது தராசு முள்ளை நாமும் பார்க்க வேண்டும் என்று கேட்கிறோம் அல்லவா? அதுபோல அந்தக் கணக்குப் புத்தகத்தை வேலை செய்கிறவரும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அளவு அமலுக்கு வரவேண்டும். அடுத்த அக்டோபரில் பட்டியல் மாறும்போது அதே புத்தகத்தை மறுபடி திறக்க வேண்டும்.