நிலமற்றவர் மேல் சரிந்த மலை

தோழர்களே,

2020 ஆகஸ்ட் 7. கொரோனா முடக்கத்தால் ஊருக்குப் போகவும் வழியின்றி நாம் மும்பைக் குடிசைகளில் அடைந்து கிடந்தோம். அன்றுதான் கேரளத்து மூணாறு மலையிலிருந்து அந்தச் செய்தி வந்தது. முந்தைய இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் தூங்கிக்கொண்டிருந்த லயங்களை மூடிவிட்டது. 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை.

மாண்டவர்களில் பலர் கயத்தாற்றுப் பக்கத்துக் குடும்பங்கள். நம் பாட்டன்மார் பம்பாய்க்கு ரயிலேறிய அதே திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர்களின் வாரிசுகள். நம் வீட்டுப் பெண்கள் அழுதது அந்நியருக்காக அல்ல.

இயற்கையின் சீற்றம் என்றார்கள். ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையை எவராலும் தடுக்க முடியாதுதான். ஆனால் மலைச் சரிவின் கீழே வரிசை வீடு கட்டியதும் மழைதானா? மின்சாரமும் தொலைபேசியும் செத்துப்போய், இரவில் நடந்த கொடுமை மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்ததே, அதுவும் இயற்கையின் குற்றமா?

லயம் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்குச் சொல்கிறோம். ஒரு அறை, ஒரு அடுப்படி. வேலை இருக்கும்வரைதான் அந்தக் கூரை. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். கூரையைக் காப்பாற்றவே மகனோ மருமகளோ தோட்டத்தில் பேர் பதிய வேண்டியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை. 2015-இல் மூணாற்றுப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு வீதிக்கு வந்தது போனசுக்காக மட்டுமா? இந்த வாழ்வின் மீதான கோபமும் அதில் இருந்தது.

பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு 5 லட்சம் அறிவித்தது. அதே வாரம் கரிப்பூர் விமான விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம். விளக்கங்கள் பல சொல்லப்பட்டன. விமானத்தில் வந்தவரின் உயிரும் விலையில்லாததுதான். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. லயத்து உயிர் மட்டும் ஏன் பாதி என்றுதான் கேட்கிறோம்.

பிறகு உயிர் தப்பிய 8 குடும்பங்களுக்குக் குட்டியாற்றில் வீடு கிடைத்தது. நல்லது. ஆனால் அந்த நிலம் முன்பும் அங்கேயேதான் இருந்தது. 70 உயிர் போன பிறகுதான் அது கண்ணில் பட்டது!

2021 ஜூலையில் நம் செம்பூரிலேயே குன்றடிவாரத்துக் குடிசைகள் மீது சுவர் விழுந்து பலர் மாண்டனர். 2024 ஜூலை 30-இல் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தபோது 250-க்கும் மேற்பட்டோர் போயினர். அங்கேயும் தோட்டத் தொழிலாளர் உண்டு. நல்ல நிலம் காசுள்ளவனுக்கு. சரிவும் ஓடைக்கரையும் உழைப்பவனுக்கு. ஊர் எதுவானாலும் கணக்கு மாறவில்லை.

செய்தி வந்தால் உண்டியல் ஏந்துகிறோம், அரிசியும் துணியும் அனுப்புகிறோம். அது நம் கடமை, இனியும் செய்வோம். ஆனால் அனுப்பும் ஒவ்வொரு மூட்டையோடும் ஒரு கோரிக்கையும் போகட்டும்: வேலையோடு பறிபோகாத வீடு, தொழிலாளி பெயரிலேயே பட்டா, மழைக்கு முன்பே பாதுகாப்பான இடம்.

செத்த பிறகு கிடைக்கும் ஆறடி மண்ணுக்காக அல்ல தோழர்களே, உயிரோடு இருக்கும்போதே நிற்க ஒரு துண்டு நிலத்துக்காகக் குரல் கொடுப்போம்.